ஃபியட் ஏன் நின்றது

பாலகுமாருக்குத் தன் ஃபியட்டின் பானெட்டை வேறொருவன் திறந்தால் பிடிக்காது. சாப்பாட்டுத் தட்டில் பிறத்தியான் கைவைத்ததுபோல முகத்தைச் சுளிப்பான். பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் வேலை. அங்கே எத்தனையோ மோட்டார்களைப் பிரித்து மாட்டியவனுக்கு, கேவலம் ஒரு பழைய ஃபியட் எந்த மூலைக்கு என்ற நினைப்பு. அவன் குடியிருந்த லிங்கராஜபுரத்து மெக்கானிக்குகள் எல்லோரும் அவன் கணக்கில் கத்துக்குட்டிகள். எந்த வண்டிக்கு எந்த நோவு வந்தாலும், பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே "கார்புரேட்டர் சார்" என்று தலையைச் சொறிகிறவர்கள் என்பான். அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி சுத்தமான தலைக்கனம்.

அந்த ஃபியட்தான் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆயுதபூஜைக்கு மறுநாள் அவன் குடியைக் கெடுத்தது. விஜயதசமிக்கு மச்சான் வீட்டுக்குப் போகலாம் என்று மனைவி அலர்மேல்மங்கையையும் பெண் அனுஷாவையும் ஏற்றிக்கொண்டு ஆனேக்கல்லுக்குக் கிளம்பினான். ஓசூர் ரோட்டிலிருந்து ஆனேக்கல்லுக்கு வலதுபக்கம் திரும்பவேண்டும். திரும்பினான். பாதி ரோட்டைத் தாண்டும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். வண்டி ஒருமுறை விக்கியது. கார்புரேட்டரிலிருந்து படாரென்று ஒரு வெடி. பிறகு இழுக்கவேயில்லை. குறுக்கே நின்றது நின்றபடிதான். ஓசூர் பக்கமிருந்து வந்த லாரி என்ன பிரேக் போட்டும் நிற்காமல் வந்து இடதுபக்கக் கதவில் ஏறியது. அந்தக் கதவோரம், மடியில் சுண்டல் டப்பாவோடு, மங்கை உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிவரைக்கும் அவள் தாங்கவில்லை. பாலகுமாருக்கு விலாவில் ஓர் அடி. அவன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அனுஷாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண். அழுவதற்கு முன்னால் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, கார் ஏன் நின்னுச்சு?" என்பதுதான்.

அதையேதான் அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். வேறு யாரும் கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் வண்டியைப் பார்வையிட வந்த மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார், இரண்டும் சரி என்று எழுதிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். இன்ஜின் ஏன் வெடித்தது, ஏன் விக்கியது என்பது அவர் வேலையில் சேராதாம். துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள், நேரம் என்றார்கள், மங்கை போட்டிருந்த புடவையின் நிறம் சரியில்லை என்றுகூட ஒருத்தி சொன்னாள். சாவு வீட்டில் மனிதர்களுக்கு வாய் எங்கிருந்துதான் வருகிறதோ.

மச்சான் இளங்கோவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனேக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், மங்கைக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். கருமாதி முடிந்து பந்தியெல்லாம் எழுந்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும் பாலகுமாரின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். வண்டி ஏன் நின்னுச்சு? லாரிக்காரன் குடிச்சிருந்தானா, இல்ல. பிரேக் போச்சா, அதுவும் இல்ல. நடு ரோட்ல வண்டி தானா நின்னுச்சு. பூஜை அன்னைக்குக் காலைல நீங்க பிரிச்சுப் போட்டு உங்க கையால மாட்டின வண்டி. ஊர்ல ஒருத்தனையும் தொட விடமாட்டீங்க. உங்க கை தப்பு இல்லன்னு தெரிஞ்சா, இதே இடத்துல உங்க கால்ல விழறேன். உங்க கை தப்புன்னா, என் தங்கச்சி பொண்ணை உங்ககிட்ட விட்டுட்டுப் போக என் மனசு ஒப்பாது."

பதில் சொன்னது அனுஷாதான்.

"அப்பா செஞ்சது தப்பா இருக்காது மாமா. நான்தான் டார்ச் பிடிச்சேன். அப்பா எல்லாம் சரியாத்தான் மாட்டினாரு. நான் பார்த்தேன்."

தாய்மாமன் அவள் தலையைத் தடவினார். அக்டோபர் கடைசிவரை இருந்த தசரா லீவு முடியும்வரை அவள் ஆனேக்கல்லில் இருக்கட்டும், அதற்குள் பாலகுமார் வண்டியைப் பார்த்துச் சொல்லட்டும் என்று பேசி முடித்தார்கள். லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை தானே வருவதாகச் சொல்லிவிட்டு இளங்கோவன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில் பாலகுமாரும் மங்கையின் படமும் மிச்சம்.

வண்டி முனிராஜின் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. முனிராஜ் லிங்கராஜபுரத்தில் பஸ் போகிற சாலையை ஒட்டி ஷெட் போட்டிருப்பவன். இத்தனை வருஷம் தன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத மனிதரின் வண்டி இப்படி நசுங்கி வந்ததில் அவனுக்குச் சந்தோஷமில்லை, வருத்தம்தான். பின்பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தான். கடப்பாரை போட்டு பானெட்டை நெம்பித் திறந்தும் கொடுத்தான். மோதல் இன்ஜினைத் தொடவில்லை. மங்கை உட்கார்ந்த இடம்தான் அப்பளம்போல் நொறுங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத்தின்மேல் முனிராஜ் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினான்.

"ஆகல்ல சார், ஆகல்ல. இனி ஒண்ணும் ஆகாது. இதுல இனி என்ன பார்க்கப்போறீங்க? வண்டியும் போச்சு, அம்மாவும் போயிட்டாங்க. பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க சார்."

"ஏன் நின்னுச்சுன்னு தெரியணும் முனிராஜ்."

"பட்டாசு மாதிரி வெடிச்சு நின்னுச்சுன்னா கார்புரேட்டர்தான் சார்," என்றான் முனிராஜ், தலையைச் சொறிந்துகொண்டே. வேறொரு நாளாக இருந்தால் பாலகுமார் சிரித்திருப்பான்.

பகல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி நேரே ஷெட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. முதலில் பெட்ரோல்மேல் சந்தேகப்பட்டான். பங்கில் மண்ணெண்ணெய் கலந்து விட்டிருப்பார்கள், வண்டி அதனால்தான் இழுக்கவில்லை என்று அவனுக்குள் ஓர் ஆசையே இருந்தது. டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டான். கலப்படம் என்றால் கறை நிற்கும். தாள் நொடியில் உலர்ந்து சுத்தமாக இருந்தது. இன்னொரு சொட்டு விட்டான். அதுவும் அப்படியேதான். யாரோ முகம் தெரியாத ஒரு பங்க்காரனைக் கொலைகாரனாக்க முடியாமல் போனதில் அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

பிறகு பெட்ரோல் பம்ப்பைப் பிரித்தான். உள்ளே இருந்த ரப்பர் சவ்வில் ஓட்டை தேடினான், இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கடைசி ஜெட் துளைவரைக்கும் ஊதிப் பார்த்தான். தூசி இல்லை, அடைப்பு இல்லை. ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் பெட்ரோல் ஒழுங்காகப் பீய்ச்சியது. காற்று புகுந்தால் இப்படி வெடிக்கும் என்று கேஸ்கெட் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வால்வுகளைப் பார்த்தான். ஒன்றுகூடக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, பழி அவன் பக்கம் நெருங்கி வந்தது. ஏனென்றால் அவன் கைவைத்த இடம் ஒன்று இருந்தது. அதை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

அந்த இடம் டிஸ்ட்ரிபியூட்டர். கருப்பு மூடி போட்ட சின்னக் கிண்ணம். அதற்குள் பாயின்ட் என்று இரண்டு சின்ன உலோக முனைகள் திறந்து மூடித் திறந்து மூடி நெருப்புப் பொறியை உண்டாக்கும். நாலு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பொறியை அனுப்புவது அந்த மூடி. முனைகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி மயிரிழை அளவு. அது குறைந்தாலும் போச்சு, பொறி இடம் மாறிப் பாய்ந்தாலும் போச்சு. வண்டி விக்கும், வெடிக்கும், இழுக்காது. பூஜையன்று காலையில் அவன் அந்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைக் கேஜ் தகடு வைத்து அளந்து, ஸ்க்ரூவை முறுக்கியிருந்தான். சரியாக முறுக்கினானா? முறுக்கினான். முறுக்கினானா? ராத்திரி படுத்தால் விரல்கள் தானாக ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பின.

இதைவிட இன்னொன்றும் அவனை அரித்தது. அன்றைக்குப் போகும் வழியில், ஆனேக்கல் திருப்பத்துக்கு வெகு முன்னால், சில்க் போர்டு சிக்னலிலேயே வண்டி இரண்டு தடவை வெடித்து விக்கியது. "ஏங்க, என்னமோ மாதிரி இருக்கே. பக்கத்துல எங்கயாவது மெக்கானிக் கடையில நிறுத்திக் காட்டலாங்க," என்றாள் மங்கை. "மெக்கானிக்குக்கு என்ன தெரியும்? சிக்னல்ல நின்னு நின்னு இன்ஜின் சூடாயிடுச்சு. போகப் போகச் சரியாயிடும்," என்று சொல்லி கியரை மாற்றினான் இந்த மேதாவி. அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். அவன் அதை இளங்கோவனிடம் சொல்லவில்லை. அனுஷாவும் சொல்லியிருக்கவில்லை.

ஆனேக்கல்லிலிருந்து அவள் அடிக்கடி போன் செய்தாள். பாலகுமார் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு மௌரீன் அம்மா சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிடுவார், போய்ப் பேசுவான்.

"அப்பா, சாப்பிட்டியா? கண்டுபிடிச்சியா?"

"பெட்ரோல் பம்ப் பார்த்தேன்டா. நல்லாத்தான் இருக்கு."

"டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தியா?"

"இன்னும் இல்ல."

அடுத்த தடவையும் அதே கேள்வி. டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தியா, மூடியைத் திறந்தியா? என் பெண் எனக்காகத்தான் இப்படித் துடிக்கிறாள், அப்பன் கை சுத்தம் என்று தாய்மாமனிடம் நிரூபிக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அது அவனை இன்னும் கோழையாக்கியது. லீவு கரைந்துகொண்டே வந்தது.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. மதியம் இளங்கோவன் வருவார். காலையில் பாலகுமார் குளித்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல் ஷெட்டுக்குப் போனான். முனிராஜ் யாரோ ஒருவரின் மெட்டடார் வேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாலகுமார் பின்பக்கம் போய் ஃபியட்டின் பானெட்டைத் தூக்கினான். பிறகு இரண்டு கிளிப்பையும் தள்ளி, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்தான். அதைத் திருப்பிப் பார்க்கக்கூடப் பொறுமையில்லை. ஒயர்களோடு அப்படியே ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, மூடிக்கடியில் சுழலும் ரோட்டரைக் கழற்றி, முனைகளைப் பார்த்தான்.

ஸ்க்ரூவைத் தொட்டான். இறுக்கமாக இருந்தது. நம்பாமல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இன்ஜினை மெல்லச் சுற்றி, முனைகள் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தினான். கேஜ் தகட்டை நடுவில் விட்டான். உரசியும் உரசாமலும், எப்படி வழுக்கிக்கொண்டு போகவேண்டுமோ அப்படிப் போனது.

மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் சரி.

பாலகுமாருக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தான். மெட்டடார் அடியிலிருந்து முனிராஜ் தலையை நீட்டி, இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து பார்த்தான். என் கை தப்பில்லை. மங்கை, என் கை தப்பில்லை. அந்தப் பாழாய்ப்போன வாரங்களில் முதல்முறையாக அவனுக்குப் பசித்தது. மச்சான் என் காலில் விழவேண்டாம், நம்பினால் போதும். அனு நாளைக்கே இங்கே பள்ளிக்கூடம் போகலாம். அவளுக்குத் தலை பின்ன மௌரீன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றுகூட யோசனை ஓடியது. மனைவி செத்துப்போன மனிதன் சந்தோஷமாக இருந்தான். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தான்.

திரும்ப மாட்டுவதற்காக மூடியைக் கையில் எடுத்துத் திருப்பினான்.

உள்ளே, ஒயர்கள் முடிகிற நாலு பித்தளை முனைகளுக்கு நடுவே, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் குங்குமம். நடுவில் ஒன்று, சுற்றிலும் நாலு. அழகாக, அக்கறையாக, எண்ணி வைத்த பொட்டுகள். ஒவ்வொரு பொட்டிலிருந்தும் பக்கத்துப் பொட்டுக்குக் கருகிய மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது. ஈரச் சந்தனத்தின் வழியாகப் பொறி பாய்ந்து, பாய்ந்த தடத்திலேயே கரியாகி, பிறகு அந்தக் கரியிலேயே சொகுசாகப் போய்வந்திருக்கிறது. ஒரு சிலிண்டருக்குப் போகவேண்டிய நெருப்பு இன்னொன்றுக்குப் போயிருக்கிறது. வெடிக்காமல் என்ன செய்யும்?

சந்தனத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. சின்ன விரல்.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பூஜையன்று மூடியைப் போட்டுவிட்டுத் திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கக் கடைக்குப் போனான். மங்கை உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு அனு மட்டும் வண்டியருகே இருந்தாள். "எது எது முக்கியமோ அதுக்கெல்லாம் பொட்டு வை," என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன்தான். அதற்கு முன்னால், டார்ச் பிடித்த பெண்ணிடம் மூடியைக் காட்டி, "காரோட உயிரே இதுக்குள்ளதான் இருக்கு," என்று பெருமையாகப் பாடம் நடத்தியவனும் அவன்தான். கிளிப்பை எப்படித் தள்ளுவது என்பதையும் காட்டிக்கொடுத்திருந்தான். திரும்பி வந்தபோது அவள் பானெட் அருகே நின்று, "எல்லாத்துக்கும் வச்சுட்டேம்பா, ஒண்ணுகூட விடல," என்றாள். அவன் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தான். சாமி கும்பிடும் வீட்டுப் பிள்ளை, தன் அப்பாவின் வண்டி நன்றாக ஓடவேண்டும் என்று அதன் உயிரைத் தேடிப்போய்ப் பொட்டு வைத்திருக்கிறது.

பாலகுமார் தரையில் உட்கார்ந்தான். கிரீஸும் மண்ணும் கலந்த தரை. அழுகைகூட வரவில்லை. ஒரு ஓரத்தில், உனக்குத்தான் சாட்சி கிடைத்துவிட்டதே, எடுத்துக் காட்டிவிடு என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலும் தன்னுடையதுதான் என்பதில் அவனுக்கு அருவருப்பு உண்டாயிற்று. எழுந்து கந்தலைப் பெட்ரோலில் நனைத்தான். சந்தனமும் குங்குமமும் கரைந்து வந்தன. கரிக்கோடுகள் போகவில்லை. முனிராஜிடம் பிளேடு வாங்கி, ஒவ்வொரு கோடாகச் சுரண்டினான். சுரண்டி முடித்தபோது அவன் விரலில் இரண்டு இடத்தில் ரத்தம். மூடியை உற்றுப் பார்த்தான். பழைய மூடி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஒன்றும் தெரியவில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிடலாம். மச்சான் நாலு வார்த்தை திட்டுவார், பெண்ணைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வார், பிறகு மனம் இறங்குவார். அப்படித்தான் நினைத்தான்.

இளங்கோவன் வெயில் தலைக்கு ஏறும் நேரத்தில் வந்தார். கூடவே அனுஷா, தலையை இறுக்கிப் பின்னி, புது ரிப்பன் கட்டி. அப்பாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. பார்வை நேரே திறந்திருந்த பானெட்டுக்குப் போயிற்று.

"என்ன மாப்பிள்ளை, தெரிஞ்சுதா?"

"தெரியல மச்சான். எல்லாம் பார்த்துட்டேன். எதுவும் தப்பா இல்ல. ஏன்னு சொல்ல முடியல."

இளங்கோவனின் தாடை இறுகியது. "ஒரு போல்ட் கழண்டாக்கூட எந்த மெஷினுக்கு என்னாச்சுன்னு சொல்வேன்னு பெருமை பேசுவீங்களே. என் தங்கச்சி செத்ததுக்குக் காரணம் மட்டும் தெரியாதா?" என்றார். மேலே பேசினால் கைநீட்டிவிடுவோமோ என்று பயந்தவர்போல, எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

அனுஷா கிட்டத்தில் வந்தாள். இன்ஜினைத் தொடவில்லை, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, மூடியைத் திறந்தியா?"

"ம்."

"உள்ள நான் பொட்டு வச்சேன்." குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "நீ முறுக்கினதெல்லாம் சரியாத்தான் இருக்கும்னு தெரியும். அப்போ என் பொட்டாலயாப்பா? நான்தான் அம்மாவை..."

அவன் அப்போதுதான் அந்த முகத்தை நேராகப் பார்த்தான். இத்தனை நாளும் போனில் கேட்டது அப்பாவுக்காக இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், உதட்டில் பல்லால் கடித்துக் கடித்து வந்த புண். குழந்தை இந்த நெருப்பை வயிற்றில் கட்டிக்கொண்டு மாமன் வீட்டில் தின்று, தூங்கி, எழுந்திருக்கிறது. தெரியவில்லை என்று சொன்னால் இது அணையாது. ஆயுசு முழுக்க, ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் எரியும். வேறொரு காரணம் வேண்டும், அவள் கையாலேயே தொட்டுப் பார்க்கும்படியான காரணம்.

"சீச்சீ, பைத்தியம்," என்றான். சிரிக்க வேறு செய்தான். "பொட்டால எங்கயாவது வண்டி நிக்குமா? அது எப்பவோ காஞ்சு உதிர்ந்துபோச்சு. மூடியைப் பாரு, சுத்தமா இருக்கு. காரணம் தெரியும்டா எனக்கு. மாமாகிட்டச் சொல்ல பயந்துட்டேன். போய் அவரைக் கூட்டிட்டு வா. ரெண்டு பேருக்கும் காட்டறேன்."

அவள் நம்பியும் நம்பாமலும் ரோட்டைப் பார்த்து நடந்தாள். இரண்டு பஸ்களும் ஒரு ஸ்கூட்டரும் போகட்டும் என்று காத்து நின்றாள். பாலகுமார் முதுகால் மறைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். இத்தனை வாரம் எந்த ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கவேண்டும் என்று கடவுளை வேண்டினானோ, அதை அரைச் சுற்றுத் தளர்த்தினான். முனைகளைக் கட்டைவிரலால் நெருக்கினான். நன்றாக வேலை தெரிந்த கை.

அவர்கள் வந்தார்கள்.

"மச்சான், மன்னிச்சுடுங்க. இதோ இந்த ரெண்டு முனைக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும். இருந்தாத்தான் பொறி ஒழுங்கா வரும். இந்த ஸ்க்ரூதான் அதைப் பிடிச்சு நிறுத்தறது. அதை நான் சரியா முறுக்கல. ஓட ஓட நகர்ந்துபோச்சு. வெடிச்சது, விக்கினது, நின்னது எல்லாம் இதாலதான்."

"முறுக்கினியேப்பா," என்றாள் அனுஷா சட்டென்று. "நான் பார்த்தேன். டார்ச் பிடிச்சுட்டு இருந்தேன்ல."

"பாதிதான்டா முறுக்கினேன். பூசணிக்காய் வாங்கப் போற அவசரம். வந்து முறுக்கிக்கலாம்னு விட்டேன், மறந்துட்டேன். நீயே அளந்து பாரு."

கேஜ் தகட்டை அவளிடம் நீட்டினான். எந்தத் தகடு என்று அவளுக்குத் தெரியும், அவன் சொல்லிக்கொடுத்ததுதான். அதைப் பிரித்தெடுத்து, குனிந்து, முனைகளுக்கு நடுவே வைத்தாள். போகவில்லை. திருப்பி வைத்தாள். போகவில்லை. விரலை நீட்டி ஸ்க்ரூவைத் தொட்டாள். அது விரலோடு சேர்ந்து ஆடியது.

இளங்கோவன் கத்துவார் என்று பாலகுமார் எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை. தார்ப்பாய் போட்ட பக்கத்தைப் பார்த்தார். "ஒரு ஸ்க்ரூ," என்றார். "ஒரு ஸ்க்ரூ மாப்பிள்ளை." பிறகு தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டு அங்கேயே குலுங்கினார். முனிராஜ் வேலையை விட்டுவிட்டு வந்து தூரத்தில் நின்றான். காலையில் அந்த இறுக்கமான ஸ்க்ரூவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவனுக்கும் எதற்கென்று தெரியாது.

அனுஷா தகட்டை மடித்து மட்கார்டின்மேல் வைத்தாள். அவள் தோள்கள் மெல்லத் தாழ்ந்தன. நெடுநேரம் பிடித்துவைத்த மூச்சு வெளியே வந்தது. பாலகுமார் அதைப் பார்த்தான். போதும் என்றிருந்தது அவனுக்கு. அப்போது அவள் நிமிர்ந்தாள்.

"அம்மா சில்க் போர்டுலயே நிறுத்தச் சொன்னாங்க மாமா," என்றாள், அவனைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு தடவை வெடிச்சுது. மெக்கானிக்கிட்டக் காட்டலாம்னு சொன்னாங்க. இவருதான் கேக்கல. நான் இதை உங்ககிட்டச் சொல்லல. இவருக்காகத்தான் சொல்லல."

இவர் என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

அது மட்டும் பொய்யில்லை என்பதால் பாலகுமார் தலையை ஆட்டினான். இளங்கோவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். துணிமணி, புத்தகம் எல்லாம் பிறகு ஆள் விட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனேக்கல்லிலேயே பள்ளிக்கூடம் பார்த்துவிடுவதாகவும், மாப்பிள்ளை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவன் சரி என்றான். பஸ் வந்தது. ஏறும்போது அனுஷா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பல வாரமாக அந்த முகத்தில் இருந்த பயம் போயிருந்தது. அந்த இடத்தில் வெறுப்பு வந்து உட்கார்ந்திருந்தது. தன்னை வெறுப்பதைவிட அப்பனை வெறுப்பது பிள்ளைக்கு லேசு, எப்படியும் வளர்ந்துவிடுவாள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பஸ் கிளம்பி வளைவில் மறைந்த பிறகும் சொல்லிக்கொண்டு நின்றான். அவள் ஒரு நாளும் திரும்பி வரக்கூடாது, வந்தால் தன் வாயிலிருந்து உண்மை வந்துவிடும் என்று தோன்றியபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது.